ஒரு சொட்டும் மிச்சம் விடாத சவுக்காரம்

சிராங்கூன் ரோட்டில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிதில் நடந்தது இது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்று, அந்த ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தேன். ஓய்வு பெற்ற கிராணியின் கண்ணுக்கு உலகத்தில் எதுவுமே முறைப்படி நடக்காது. என் கண்ணில் முதலில் பட்டது கடைச் சவுக்காரம். தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கி, ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டவணைப்படி நானே காய்ச்ச ஆரம்பித்தேன்.

இதில் ஒரே ஒரு தீர்மானம்தான் பெரிது. சோடாவின் காரம் தின்று தீர்க்கும் எண்ணெய்க்கு மேல் எவ்வளவு எண்ணெயை மிச்சம் விடுவது? தோலுக்கான சவுக்காரத்தில் கொஞ்சம் விடச் சொன்னது புத்தகம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. அளவில்லாத விதியை நான் விதியாக மதிப்பதில்லை. தட்டானிடம் தராசு இரவல் வாங்கி, ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் காய்ச்சினேன். அந்தச் சந்திலேயே என் வேட்டிதான் வெள்ளை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பால்காரம்மா கொட்டகை போட்டிருந்தார். ஒரே ஒரு கறவை மாடு. அதுதான் அவருக்குச் சோறு. ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கறக்கும் முன் கையையும் மடியையும் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும், பதினைந்து நாளில் திரும்பி வருவேன், அப்போதும் சரியில்லை என்றால் லைசென்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். கடைச் சவுக்காரம் பாலில் மணத்தது. அதனால் அந்த அம்மாள் என்னிடம் வந்தார். இரண்டு கட்டி கொடுத்ததோடு, கை கழுவும் முறையையும் ஆறு படிகளாகப் பிரித்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் கொட்டகைப் பக்கம் வாளி உருளும் சத்தம். அடுத்து, வேலிக்கு மேல் அவர் குரல்.

"கிராணியாரே, கொஞ்சம் வாங்க. உங்க ஆறு படியையும் மாட்டுகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா உதைக்குது."

போய்ப் பார்த்தேன். பால் முழுவதும் தரையில். மாட்டின் காம்புகள் வறண்டு வெடித்திருந்தன. அவர் உள்ளங்கையும் அப்படியே. மாடு இப்படியே கறக்க விடாமல் பாலை அடக்கினால் மடி கெட்டுவிடும். மடி கெட்டால் லைசென்ஸ் இருந்துதான் என்ன பயன்?

எனக்கு அப்போதும் என் கணக்கின் மேல்தான் கவலை. கட்டியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. "காரம் துளிகூட மிச்சமில்லை, பாருங்கள்" என்று அவரிடம் நீட்டினேன்.

அவரும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஆமா, காரம் மிச்சமில்ல. எண்ணெயும் மிச்சமில்லயே! அதான் என் மாட்டு மேல இருக்கற எண்ணெய உருவிக்குது."

முப்பது வருடத்தில் எந்தத் துரையும் என் வேலையில் இவ்வளவு சுருக்கமாகக் குறை கண்டுபிடித்ததில்லை.

அன்றே அடுப்பு மூட்டினேன். சவுக்காரம் வெந்து முடிந்தபின் அதில் எண்ணெய் சேர்த்துக் கிளறி, நான்கு வகையாக ஊற்றினேன்: இருபதில் ஒரு பங்கு மிச்சம், பத்தில் ஒன்று, ஆறில் ஒன்று, நான்கில் ஒன்று. இந்த முறை மாட்டுக்குக் கொடுக்கவில்லை. வகைக்கு ஒரு நாள், நாளுக்கு முப்பது தடவை என் கையையே கழுவினேன். இருபதில் ஒன்று தோலை இழுத்தது. பத்தில் ஒன்று மாலைவரை தாங்கி, பிறகு இழுத்தது. நான்கில் ஒன்று நுரைக்கவே மறுத்து, கையில் பிசுக்கைத்தான் பூசியது. ஆறில் ஒன்றில்தான் அழுக்கு போய்க் கை கையாகவே இருந்தது. அதற்குள் பால்காரம்மா வெறும் எண்ணெய் தடவி மாட்டை ஓரளவு தேற்றியிருந்தார்; ஆறில் ஒரு பங்கு மிச்சமுள்ள கட்டியை அவரிடம் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்த அன்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். பால்காரம்மா கை கழுவினார், மடியைக் கழுவினார், உட்கார்ந்தார். மாடு ஒரு காலைத் தூக்கியது. ஈயை விரட்டிவிட்டுக் காலைக் கீழே வைத்தது. வாளியில் பால் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கட்டியை முகர்ந்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கியது என்று கூட வந்த பியூன் மூலம் கேட்டார்.

"கடை இல்ல லா. அதோ நிக்கறாரே, அவரு காய்ச்சுனது. மாடு உதைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு காய்ச்சுனாரு. உதைச்சப்புறம் இதக் காய்ச்சுனாரு."

லைசென்ஸ் கிடைத்தது.

வேட்டிக்கு இன்றும் ஒரு சொட்டு மிச்சம் விடாமல்தான் காய்ச்சுகிறேன்; அதில் நான் அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் உயிருள்ள தோலில் படப்போகும் எதையும், என் தோலில் பட்டு ஒரு பகல் கழியும்வரை, சரி என்று நான் சொல்வதில்லை.