இரண்டு தாய்மாமன்கள்

என் தங்கச்சியும் டீச்சரும் பதினோரு வருஷமாகச் செஞ்சியில் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். தெருவில் அவர்களைத் தோழிகள் என்று சொல்லிக்கொள்வார்கள். நான் எதுவும் சொன்னதில்லை. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவன் நான். கூச்சம் அதிகம். ஆனால் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். சண்டை வந்தால் யார் முதலில் பேசுவார்கள்? ஊருக்குப் போனால் யார் யாருக்கு போன் செய்வார்கள்?

இருவரும் குழந்தை தத்தெடுக்க நினைத்தார்கள். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து எடுக்கலாம், தனியாளாகவும் எடுக்கலாம், இவர்களைப் போல இரண்டு பெண்கள் சேர்ந்து எடுக்க முடியாது என்றார்கள் தத்தெடுப்பு ஆபீஸில். அதனால் டீச்சர் மட்டும் தனியாளாக மனு போட்டார். வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி என் தங்கச்சியை, கூடத் தங்கியிருப்பவர் என்று எழுதிக்கொண்டு போனார். பெண் குழந்தை வந்தது. உத்தரவில் அம்மா பெயர் ஒன்றுதான்.

"டீச்சருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவங்க ஊட்டு ஆளுங்க வந்து புள்ளைய தூக்கினு போயிடலாம். நான் யாருன்னு சொல்லி தடுப்பேன்?" என்று தங்கச்சி ஒருநாள் கேட்டாள். வக்கீல் ஒரு வழி சொல்லியிருந்தார். தனக்குப் பிறகு தங்கச்சிதான் காப்பாளர் என்று டீச்சர் உயில் எழுதலாம். டீச்சர் வீட்டாரில் ஒருவர் சாட்சி போட்டால் பிற்பாடு தகராறு வராது. ஆனால் அந்த வீட்டார் யாரும் பல வருஷமாக வாசல் மிதித்ததில்லை.

மேல்மலையனூரில் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். "நீதான் உக்காரணும்" என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். மாமன் உட்கார்ந்தால் அவள் அம்மா என்று அர்த்தம். பட்டுப் பாவாடை, தோடு, பழத்தட்டோடு போனேன். அங்கே, டீச்சர் அழைத்தும் வருவாரென்று யாரும் நினைக்காத அவருடைய அண்ணனும் அவலூர்பேட்டையிலிருந்து வந்து தட்டோடு நின்றார். அவர் தட்டிலும் அதே பச்சைப் பாவாடை.

"தாய்மாமன் யாருப்பா? பின்னால அஞ்சு புள்ளைங்க நிக்குது" என்றார் காது குத்தும் ஆசாரி.

இருவரும் ஒன்றாக முன்னே போனோம். பழக்கதோஷம், நான் பின்வாங்கிவிட்டேன். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் மறுபடி முன்னே வந்தேன்.

"நானும் தாய்மாமன்தான்."

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் விடவில்லை. "இன்னாது ரெண்டு மாமன்? புள்ளைக்கு அம்மா யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்றார் டீச்சர்.

"அப்போ அத்த?"

"அத்தையே கெடையாதும்மா."

"அடி குடுத்து வெச்சவளே!" என்று அந்த அம்மாள் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். வரிசையே சிரித்தது.

"ஒரு காது அவரு மடி, ஒரு காது இவரு மடி. உக்காருங்க" என்று ஆசாரி முடித்துவிட்டார். குழந்தை திமிறியதில் முதல் காதுக்கு டீச்சர் அண்ணனின் சட்டைப் பொத்தான் போனது. இரண்டாவது காதுக்கு என் கண்ணாடி.

சாப்பிடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பார் வரும்வரை தைரியம் சேர்த்துக் கேட்டேன். "டீச்சருக்கு எதுனா ஆச்சுன்னா, புள்ளைய நீங்க கேப்பீங்களா?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "கேக்கணும்னுதான் ஊட்ல பேசிக்கினாங்க. நானும் அப்படித்தான் நெனச்சினு வந்தேன்." எதிர்ப் பந்தியில் தங்கச்சி குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அழுதழுது சிவந்த காதில் கை படாமல், தலையைத் தாங்கிக்கொண்டு. அவர் அதையே பார்த்தார்.

உயில் விஷயத்தைச் சொன்னேன். ஊருக்குப் போகாமல் எங்களோடு செஞ்சிக்கு வந்தார்.

தையல் மிஷின் மேல் காகிதத்தை வைத்து டீச்சர் கையெழுத்துப் போட்டார். அடுத்து நான் சாட்சி. டீச்சரின் அண்ணன் பேனாவை வாங்கி, முழுவதும் படித்தார்.

"காப்பாளர்னு போட்டுருக்குது. அம்மான்னு போடக் கூடாதா?"

"சட்டம் ஒத்துக்கலையாம்" என்றேன்.

"எப்ப ஒத்துக்குமாம், மச்சான்?"

என்னை அப்படி முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் கையெழுத்துப் போட்டார்.