அழித்துவிட்டுப் பேசியவன்

கம்ப்யூட்டர், போன் ரிப்பேர் செய்கிறவன் கையை மட்டும் காத்தால் போதாது, வாயையும் காக்க வேண்டும். நானோ பதுளையில் கடை வைத்திருப்பதோடு நில்லாமல், இலவச மென்பொருள் பற்றியும் நுணுக்கமான சாமான்களைக் கையாள்வது பற்றியும் குட்டி வீடியோக்கள் வேறு போடுகிறவன். இதே வியாதி உள்ள நண்பர்களே, உங்களுக்குப் புரியும்.

ஈரம் போக ஒரு யோசனை

நனைந்த போனை அரிசியில் புதைக்காதீர்கள், சூடான காய்ந்த இடத்தில் வையுங்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னேன். எவ்வளவு சூடு என்று சொல்லவில்லை. மடுல்சீமைப் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் முருகேசு, நனைந்த போனைத் தேத்தூள் காய்கிற ட்ரையர் மேலேயே வைத்துவிட்டார். கடைக்கு வரும்போது பெட்டரி உப்பி, பின்மூடி பிளந்திருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தேற்றினார்: "தேத்தூளு பதமா வந்துச்சுங்க சேர், போன்தான் வரல."

வைரஸ்தான், சந்தேகமே இல்லை

அதற்குப் பிறகும் அந்த மனுஷன் தன் மகளுக்குப் படிப்பிக்கும் செல்வராணி டீச்சரை என்னிடமே அனுப்பினார். ஆமை வேகத்தில் ஓடிய டீச்சரின் பழைய லெப்டொப்பில், புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக அவரே டைப் செய்த மாதிரி வினாத்தாள்கள் இருந்தன. பரீட்சை நெருங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பயிற்சி கிடையாது.

எல்லாவற்றையும் பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போட்டேன். மெஷின் பறந்தது. வினாத்தாள்களைத் திரும்ப ஏற்றித் திறந்தால் தமிழைக் காணோம், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. வைரஸ் தின்றுவிட்டது, மற்றதற்கும் பரவும் என்று வீடியோக் குரலில் விளக்கிக்கொண்டே அத்தனையையும் அழித்தேன். பென்டிரைவையும் விடவில்லை. டீச்சர் கைப்பையைப் பிடித்தபடி நின்றார். "சரிங்க சேர், திரும்ப அடிச்சிக்கிறேன்."

பக்கத்துக் கடை நானா

அடுத்த வீடியோவுக்காக, அழிக்குமுன் அந்தக் குப்பைத் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். நாங்கள் நானா என்று கூப்பிடும் பக்கத்து ஃபோட்டோகொப்பிக் கடை அண்ணனிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பார்வைதான் பார்த்தார். "இது பாமினி எழுத்து தானே தம்பி, அந்த எழுத்த போட்டா தமிழ் வரும்."

தொடக்கூடாத டிஸ்க்

நான் தமிழ் டைப் படித்ததே பாமினியில்தான். அந்தப் பழைய எழுத்துரு இல்லாத மெஷினில் தமிழ் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும்; நான் போட்ட லினக்ஸில் அது இல்லை, அவ்வளவுதான் விஷயம். அழித்த கோப்பு திரும்ப வேண்டுமானால் அந்த டிஸ்கில் எதையும் எழுதக்கூடாது என்பது நான் ஊருக்கெல்லாம் சொல்லும் டிப்ஸ். டீச்சரோ என் பேச்சைக் கேட்டு அதே லெப்டொப்பில் திரும்ப டைப் செய்யத் தொடங்கியிருந்தார். பென்டிரைவில் நானே பாட்டு ஏற்றியிருந்தேன். இலவச மீட்பு மென்பொருளில் தேடியதில் சில வினாத்தாள்கள் வந்தன, பாதிக்கு மேல் வரவேயில்லை.

டீச்சரை வரச்சொல்லி உண்மையைச் சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது, தலை நிமிரவில்லை. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்கும் பாமினியா இருக்குமோன்னு தோணுச்சுங்க சேர். நீங்க அவ்வளவு தெளிவா பேசினீங்க, அதான் எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சிட்டேன்."

நாம் கொடுக்கும் மென்பொருளும் இலவசம், ஆலோசனையும் இலவசம், நம்பிக் கேட்டவர்கள்தான் உட்கார்ந்து திரும்ப டைப் செய்கிறார்கள்.