சித்தியின் புற்றுமண்

மஞ்சள் துணி போட்டு மூடிய மூங்கில் கூடை. உள்ளே ஈரம் காயாத புற்றுமண். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்தி தொழிற்சாலை வாசலில் வந்து நின்றது இன்றும் எனக்கு மறக்கவில்லை. எழுபதுகளில், மாநில எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், பம்புகளுக்கு வார்ப்பு ஊற்றும் சின்ன இரும்பு உலை ஒன்று இருந்தது. சித்தப்பா அங்கே உலைக்காரர். நான் அங்கேயே பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். அன்று சித்தி கொண்டுவந்தது இரண்டாவது கூடை. முதல் கூடை செய்த வேலை எனக்குத் தெரியும்.

உலையின் உட்புறத்துக்கு எப்போதும் சூடு தாங்கும் தீக்களிமண்தான் பூசுவார்கள். முதல் கூடை வந்த முறை, சித்தி மாரியம்மன் கோயில் புற்றில் மண்ணெடுத்து, மஞ்சளும் பாலும் விட்டுப் பிசைந்து கொடுத்தனுப்பினாள். "நெருப்போட மல்லுக்கட்டுறீங்க. இதையும் சேர்த்துப் பூசிப்போடுங்க, அம்மா பார்த்துக்குவா" என்றாளாம். தீக்களிமண்ணும் குறைவாகவே இருந்ததால் சித்தப்பா கூடை மண் முழுவதையும் உள்ளே அப்பிவிட்டார். கோயில் மண்ணை வேண்டாமென்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

உருகிய இரும்பின்மேல் மிதக்கும் கசடு வழக்கமாக மோர்க்குழம்பு போல வழிந்து வெளியேறும். அந்தப் பூச்சோடு உலை மூட்டிய அன்று அது ராகிக் களியாகத் திரண்டு துவாரத்தை அடைத்துக்கொண்டது. சித்தப்பா கம்பியால் குத்தினார். "ஏனுங்க, தள்ளி நில்லுங்க!" என்று யாரோ கத்தி முடிப்பதற்குள் அடைப்பு பிய்த்துக்கொண்டு சீறியது. இடது கண்ணில் ஒரே சொட்டு. அட கடவுளே, அவர் போட்ட அலறல்! கண் போயே போய்விட்டது.

பிறகு அந்தக் கசடைப் பரிசோதித்தேன். களிமண்ணில் இருக்கும் அலுமினா என்ற பொருள் அதில் எக்கச்சக்கம். அலுமினா ஒரு விசித்திரப் பிறவி. மணல் மிஞ்சிய இடத்தில் காரம் போலவும், சுண்ணாம்பு மிஞ்சிய இடத்தில் அமிலம் போலவும் நடந்துகொள்ளும். அளவோடு இருந்தால் தொந்தரவில்லை, மிஞ்சினால் கசடு இறுகிப்போகும். தீக்களிமண்ணிலும் அலுமினா உண்டு, ஆனால் அது அந்தச் சூட்டைத் தாங்கி நிற்கும். கறையான் பொறுக்கிச் சேர்த்த நயமான களிமண்ணோ உருகி இறங்கிக் கசடோடு கலந்துவிட்டது. காப்பாற்ற அனுப்பிய மண்ணே கண்ணைத் தின்றுவிட்டது.

ஆசுபத்திரியில் சித்தப்பாவிடம் மட்டும் சொன்னேன். என்னைக் கிட்டே வரச் சொன்னார். பிறகு, "அவகிட்ட மூச்சு உடாத. தாங்கமாட்டா" என்றார். வெளியே சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மண்ணு இல்லீன்னா ஆளே போயிருப்பாரு கண்ணு" என்றாள். நான் தலையாட்டினேன்.

அப்படிப்பட்டவள்தான், உலைக்கு மறுபடி பூச்சு பூசும் நாளில் முன்னதைவிடப் பெரிய கூடையோடு வந்து நின்றாள். விஷயம் தெரிந்தவர்கள் நானும் சித்தப்பாவும் மட்டும்தான். சித்தப்பா கண் கட்டோடு போய்ச் சிரித்த முகமாகக் கூடையை வாங்கினார். அவள் தலை மறைந்ததும் அந்த மண்ணை உலையின் வெளிப்புறத்தில், ஒரு துளி உள்ளே போகாமல், பூசி முடித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பூச்சுக்கும் கூடை வந்தது, மண் வெளிப்புறத்திலேயே ஏறியது.

உலை போய்விட்டது. சித்தப்பாவும் போன வருடம் போய்விட்டார். போன மாதம் நான் போனபோது, சித்தி அதே கூடையில் புற்றுமண் எடுத்துவந்து விறகடுப்பின் வெளிப்பக்கம் பூசிக்கொண்டிருந்தாள். "உள்ள பூசலீங்களா சித்தி?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"உள்ள பூசுனா என்னாகும்னு எனக்குத் தெரியாதா கண்ணு? ஆசுபத்திரியில நீ அவருகிட்டச் சொன்னப்ப நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் எதுக்குங்க திரும்பத் திரும்பக் கொண்டுவந்தீங்க?"

"கொண்டு வராம நின்னுட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருமே. அவரு தாங்கமாட்டாரு."

சொல்லிவிட்டு மறுபடி பூச ஆரம்பித்தாள். நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.