போர்ப்புலவருக்குப் பின்பாட்டு

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலையை உலர்த்தும் டிரையர் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஜெகன், உலகுக்கு ஒரு போர்ப்புலவரை வழங்கியவர். உலகம் இன்னும் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரராகத் தம்மைப் பாவித்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் ஒன்று உண்டு. முன்பு ஜெகன் வேலை பார்த்த தங்கும் விடுதியில் விருந்தினர் ஒருவர் அதன் விதிப்புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். அன்று பிடித்தது. வாள்வீரர், மந்திரவாதி, திருடர் என்று அதில் பல வகையினர் இருக்க, ஜெகன் புதிதாகப் போர்ப்புலவரைச் செய்தார். இவர் வாளை ஓங்குமுன் அப்போதே கட்டிய இரண்டு அடிகள் பாட வேண்டும். மேசையில் யாராவது சொக்கிப்போய் இரண்டாம் அடியைத் தானாகத் திருப்பிச் சொன்னால், வெட்டு இரட்டிப்பாகும். அப்படிச் சொக்குவது அபூர்வம் என்பது ஜெகனின் கணிப்பு.

ஆட்டத்தை அச்சிடும் கொச்சிக் கம்பெனியிலிருந்து ஜீவிதா வந்திருந்தார். சித்தூர்க்காரர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஜெகனுடைய வீட்டு முன்னறையில், மழை பெய்த ஒரு ஞாயிறு மத்தியானம் சோதனை ஆட்டம். புலவரின் பலம் அளவோடு இருந்தால் புத்தகத்தில் இடம். இல்லாவிட்டால் மறு வாய்ப்பு கிடையாது.

"ஒரே நிபந்தனைங்க. உண்டாக்குனவரு ஆட்டம் முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுங்க. தொறந்தா சோதனை செல்லாதுங்க."

"எங்க கொழுந்தனாரு அவரு கல்யாணத்துலயே வாயத் தொறக்கல," என்றார் மாரீஸ்வரி. ஜெகனின் அண்ணன் மனைவி, கொழுந்து எடுப்பவர், லயத்துக் கூரை ஒழுகும்போதெல்லாம் தொழிற்சாலை வாசலில் கோஷம் எடுத்துக் கொடுப்பவர். புலவராக ஆடப்போவது அவர். அவருக்குத் துணையாக வாள்வீரர் ஷைஜு, ஜீப்காரர் சங்கச் செயலாளர். கதையை நடத்துவதும், போடிமெட்டுக் கணவாயில் வழிமறிக்கும் பூதமாக இருப்பதும் ஜீவிதா.

பூதம் மறித்தது. மாரீஸ்வரி எழுந்தார். கை தானாக மேலே போனது.

"பாதை யாரு போட்ட பாதை?
எங்க ஆளு போட்ட பாதை!"

"எங்க ஆளு போட்ட பாதை!" என்றார் ஷைஜு.

வெட்டு இரட்டிப்பாக விழுந்தது. இந்த மலையில் கோஷத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்லாமல் இருப்பது, வந்த தும்மலை நடுவில் நிறுத்துவது போன்ற காரியம். ஜெகன் விதி எழுதியது கவிதைக்கு. மதினிக்குத் தெரிந்த கவிதை இதுதான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

"சொக்கிட்டீங்களாங்க?" என்று கேட்டார் ஜீவிதா.

"இல்ல மேடம், அறியாம வந்துபோச்சு." ஷைஜு டீ கிளாசை உதட்டோடு அழுத்திக்கொண்டார். மாரீஸ்வரி அடுத்ததை எடுத்தார்.

"மலையக் காக்கும் பூதமே,
மண்டி போடு, மண்டி போடு!"

கிளாசுக்குள்ளிருந்து "மண்டி போடு" என்று கேட்டது. டீ சிந்தியது.

ஜீவிதா மடிக்கணினியில் தட்டினார். "எப்பவும் ரெட்டிப்பா வெட்டுனா மத்த வீரருங்க எதுக்குங்க? இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா எடுத்துருவேனுங்க."

டிரையர் பக்கத்தில் நின்றே வேர்க்காத ஜெகனுக்கு வேர்த்தது. மதினியைக் கண்ணால் கெஞ்சினார். மாரீஸ்வரிக்குப் புரிந்தது: ஷைஜு திருப்பிச் சொல்லவே முடியாத ஒன்று வேண்டும். ஜீப்காரர்கள் பேசிய கூலிக்கு மேல் கேட்பதாக ஊருக்கு ஒரு மனக்குறை உண்டு.

"ஏறையில ஒரு பேச்சு,
எறங்கையில வேற பேச்சு!"

ஷைஜுவின் கழுத்து நரம்பு புடைத்தது. தாடை அசைந்தது. சங்கத்தின் மானத்தை நினைத்து அடக்கிவிட்டார். வெட்டு ஒற்றையாகவே நிற்கும். ஜீவிதா தலையசைக்கத் தொடங்கினார்.

"எறங்கையில வேற பேச்சு!"

சொன்னது ஜெகன். ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப்பில் வீடு திரும்பி, பேசியதற்கு மேல் கூலி கொடுத்த ஒரு நாள் அவர் தொண்டைக்குள் இருந்திருக்கிறது.

ஜீவிதா மடிக்கணினியை மூடினார். "செல்லாதுங்க."

"நா பேசல மேடம். திருப்பித்தான் சொன்னேன்."

"வாய் தொறந்துச்சுங்களே."

"ஒத்த வரிக்கு மொத்தமும் போச்சே மதினி."

"ஒனக்குப் போச்சு," என்றார் மாரீஸ்வரி, ஷைஜுவைக் காட்டி. "இந்தாளு ரெண்டு தடவ சொன்னாரே, இவருக்கு என்னா போச்சு?"

ஜீவிதா மூடிய மடிக்கணினியை மறுபடி திறந்தார். "திருப்பிச் சொல்றவரு பூதத்தோட அடுத்த அடிய வாங்கிக்கோணும். இதையும் விதியில சேத்து ஒருக்கா பாக்கலாமுங்க. இதுதான் கடைசி."

ஜெகன் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தார். மாரீஸ்வரி கையை உயர்த்தினார்.

"ஒத்தையில நிக்க மாட்டோம்,
ஒருத்தர விட்டு ஓட மாட்டோம்!"

ஷைஜு தன் வாள்வீரருக்கு மிச்சமிருந்த உயிர்ப்புள்ளிகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மறுபடி புள்ளிகளைப் பார்த்தார். தகரக் கூரையில் மழை வலுத்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஒற்றை வெட்டு போதவில்லை. பூதம் புலவரைத் தூக்கிக் கணவாய்க்குக் கீழே எறிந்தது.

"இப்ப அளவா இருக்குங்க," என்றார் ஜீவிதா. "யோசிச்சுச் சொல்ல வெக்குது. புத்தகத்துல வந்துருமுங்க."

ஜெகன் துண்டை எடுத்தார். அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன் புலவன் பாஸாயிட்டான் கொழுந்தனாரே," என்றார் மாரீஸ்வரி. "நான் பள்ளத்துல கெடக்கேன். எறங்கித் தூக்கிட்டு வரச் சொல்லு அந்தாள."

ஷைஜு ஜன்னலைப் பார்த்தார். "மழை விடட்டும் சேச்சி."