வெள்ளிக்கிழமை கொண்டுபோன விளைமீன்

பெண் கேட்கப் போகிறவர்கள் வாழைப்பழம் கொண்டுபோவார்கள், கேக் கொண்டுபோவார்கள். நான் நாலு கிலோ விளைமீன் கொண்டுபோனேன். அதுவும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இப்போது நினைத்தாலும் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்தே வருகின்றன.

அவளும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. கிறிஸ்தவ நாகரிகம் படித்தோம். நான் கடலோரக் குருநகர்க் கத்தோலிக்கன்; எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள். அவள் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற ஒரு புரட்டஸ்தாந்துக் குடும்பத்துப் பிள்ளை. எங்களுக்குள் பேச்சுத் தொடங்கியதே ஒரு சண்டையில்தான். கடலில் புயல் அடிக்க, யேசு படகில் தூங்கும் பகுதி எங்கள் கோயிலில் வாசிக்கப்படும்போது கடைசி வாங்கில் இருக்கும் பெண்கள் அழுவார்கள் என்று ஒருநாள் வகுப்பில் சொன்னேன். "எங்கடை சபையிலை அதுக்கு நித்திரை கொள்ளுவினம்," என்றாள் அவள். "ஆனா விதைக்கிறவன்ரை உவமை வந்தால், எந்த நிலத்திலை எவ்வளவு விளையும் எண்டு வெளியிலை நிண்டு ஒரு மணித்தியாலம் கதைப்பினம்." அன்றைக்கே என் மனம் அவளிடம் போய்விட்டது.

இறுதி வருடத்தில், மனிதர் வாழும் சூழல் அவர்களுடைய இறையியலை எப்படி உருவாக்குகிறது என்று நாற்பது பக்கத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். விரிவுரையாளர் அதை வகுப்பில் தூக்கிக் காட்டினார். தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அவள் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவளுடைய அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பெடியனை ஒருக்கா வரச்சொல்லு, பாப்பம்," என்றாராம். அவள் எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அப்பா மாட்டன் எண்டால் நான் மீறி வரமாட்டன். ஒரு தரம்தான் கூப்பிடுவார். யோசிச்சு நடவும்."

யோசித்துத்தான் நடந்தேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

"தவக்காலத்து வெள்ளி, மோனை. கடையிலை பற்றிஸ், ரோல்ஸ் எண்டு வாங்கிக்கொண்டு போய், உள்ளுக்கை இறைச்சி கிடந்தால் பாவம் ஆருக்கு? மீனைக் கொண்டு போ. வெள்ளிக்கு மீனைப்போல சுத்தமான சாமான் வேறை இல்லை."

எனக்கும் அது நூறு வீதம் சரியாகப் பட்டது. அப்பா விடியக் கொண்டுவந்த மீனில் நல்லதாக இரண்டை அம்மா பொறுக்கி எடுத்தார். குளிர் தாங்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸைக் கொட்டி, மீனை வைத்து, மூடியை ஒட்டி, மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டார். வழிநெடுகப் பாட்டுத்தான். புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனபோது, கல்யாணப் பந்தலுக்குள்ளேயே ஓட்டிப்போகிறேன் என்று நினைப்பு.

படலையைத் திறந்து அவள்தான் முதலில் வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் பெட்டியைக் கண்டதும் நின்றாள்.

"உதுக்குள்ளை என்ன?"

"விளைமீன்."

"ஐயோ, இண்டைக்கு வெள்ளியெல்லோ!"

"ஓம், வெள்ளி எண்டபடியாத்தான் கொண்டந்தனான்!"

அவள் தலையில் கை வைத்தாள். விடியவே குசினி கழுவி, பானை சட்டி மாற்றி, அவளுடைய அம்மா பருப்பும் பூசணிக்காயும் அடுப்பில் வைத்திருந்தாராம். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மீனோ இறைச்சியோ, எந்த மச்சமும் படலை தாண்டாது. மூன்று வருடம் இறையியலைப் பற்றிக் கதைத்தோம். வெள்ளிக்கிழமை என்ன சமைப்பீர்கள் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. நாற்பது பக்கமும் அந்த நிமிடம் என் முதுகில் ஏறி இருந்தது.

விறாந்தையிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருவர் அவளுடைய அப்பா. சபையில் பிரசங்கமும் செய்பவர். மற்றவர் நெற்றி நிறையத் திருநீற்றோடு இருந்த அவளுடைய மாமா. அவளுடைய அம்மா சைவக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்தோடு மாறியவர். அண்ணன்காரர் சைவமாகவே இருந்தார். கீரிமலைத் தீர்த்தத்தில் குளித்துவிட்டு நேரே வந்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் மாமாவுக்குப் பிடிபடாத சந்தோஷம்.

"தம்பி, உங்கடை வேதத்திலை மீனுக்கு உயிர் இல்லையோ?"

"இருக்கு மாமா. ஆனா வெள்ளிக்கு இறைச்சிதான் விலக்கு. யேசு கூப்பிட்ட சீடரே மீன் பிடிச்ச ஆக்கள்தானே."

"ஓம், வலையை விட்டிட்டு வாங்கோ எண்டுதானே கூப்பிட்டவர்!"

அவள் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். அவளுடைய அப்பா சிரிக்கவில்லை.

"வெள்ளியிலை மீன் தின்னலாம் எண்டு எந்த வசனத்திலை கண்டீர்?" என்றார்.

பயத்தில் வாய் தானாக ஓடியது. "அப்பிடி வசனம் இல்லை அங்கிள். ஆனா... வெள்ளியிலை மரக்கறிதான் எண்டு உங்கடை சபையிலை எந்த வசனம்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. மாமா தொடையில் தட்டினார்.

"அத்தான், அந்த வசனம் எங்கடை! உங்கடை பாட்டன் வேதத்துக்கு மாறினவர். குசினி மாறேல்லை."

அவளுடைய அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து ஒளிந்தது. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். பெட்டியைக் கிணற்றடிக்கு அப்பால், புகையிலைக் கொட்டில் நிழலில் வைத்தோம். வைத்து ஒரு நிமிடம் ஆகவில்லை, இரண்டு பூனைகள் வந்தன. மாமா ஒரு தடியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். பிறந்ததிலிருந்து மச்சம் தொடாத மனிதர், என் விளைமீனுக்குக் காவல்.

விறாந்தையில் அவரும் நானும் மட்டும்.

"குருநகரிலை எவடம்?"

"கோயிலடி."

"அப்பா?"

"கடலுக்குப் போறவர்."

அவருக்கு இது முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டார். இந்தக் கேள்விகள் எதற்கு என்று எங்கள் நாட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே கிண்ணத்தில் திராட்சை இரசம் குடிக்கிற சபைகூட, சம்பந்தம் என்று வந்தால் ஊரைக் கேட்கும், தொழிலைக் கேட்கும். கட்டுரையில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். கதிரையில் இருந்து கேட்கும்போது அது இரண்டு பக்கமாக இருக்கவில்லை.

"படிச்சிட்டீர். இனி அந்தத் தொழிலோடை ஒண்டும் இல்லைத்தானே?" என்றார். எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிறார் என்று புரிந்தது. ஓம் என்று ஒரு சொல் போதும்.

"அப்பா இண்டைக்கும் போனவர், நாளைக்கும் போவார், அங்கிள். நான் படிச்சது அந்தக் காசிலைதான். எந்த வீட்டுக்குப் போனாலும் மீன் கொண்டு போறதையும் விடமாட்டன்." கொட்டில் பக்கம் ஒருதரம் பார்த்தேன். "வெள்ளியிலை மட்டும் கொண்டு வரமாட்டன்."

அவர் எழும்பினார். முடிந்தது என்று நினைத்தேன். தூணுக்குப் பின்னால் அவளுடைய பாவாடைக் கரை அசையவே இல்லை. அவர் நேரே கொட்டிலடிக்குப் போனார். நானும் எழும்பிப் பின்னால் போனேன். அவர் குனிந்து, பெட்டி மூடியை விலக்கி, உள்ளே பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"நாளை வரைக்கும் ஐஸ் தாங்குமோ?"

"தாங்கும், அங்கிள். மூடியைத் திறக்காமல் விட்டால்."

சட்டென்று மூடினார். "அப்ப நாளைக்கு மத்தியானம் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாரும். எங்கடை மேசையிலை எங்களோடை இருந்து சாப்பிடவேணும். மிச்சத்தைப் பெரியாக்கள் கதைப்பம்."

"அதுவரைக்கும் நான் பூனை பாக்கிறதோ?" என்றார் மாமா.

நன்றி சொன்னேனா, தேநீர் குடித்தேனா, ஒன்றும் நினைவில் இல்லை. மோட்டார்சைக்கிளைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்த பிறகு வண்டியைக் கிளப்பும் திறப்பைக் கதிரையிலேயே விட்டது தெரிந்து திரும்ப ஓடினேன். அவள் திறப்பைத் தந்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பில் பேச்சு வரவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, கவலையோடு கேட்டார்: "வெள்ளியிலை மீனும் இல்லையெண்டால், பாவம், அதுகள் என்னத்தைத் திண்டு தவக்காலம் அனுசரிக்குதுகள்?"

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மேசையில் தங்களோடு இருந்து சாப்பிடவேண்டும் என்று அவளுடைய அப்பா சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு எழும்பினார்.

"எத்தினை மணிக்கு வரச் சொன்னவை?"

நான் கேட்கவில்லை! போனை எடுத்து அவளுக்கு அடித்தேன்.

"பன்ரெண்டுக்கு," என்றாள். "கெதியா வாங்கோ. அப்பா நாளையான் மீன்குழம்புக்கு இப்பவே தேங்காய் உரிக்கத் தொடங்கீட்டார்."