கிள்ளானில் மச்சினன் திறந்த டோபிக் கடை

ரப்பர் விலை விழுந்து, காஜாங் பக்கம் நான் கணக்கெழுதிய தோட்டத்தில் ஆள் குறைத்தபோது என் வேலையும் போயிற்று. அந்த வாரமே மச்சினன் முத்தையா சொல்லி அனுப்பினான்: கிள்ளானில் துணி வெளுக்கும் டோபிக் கடை போட்டிருக்கிறான், கூட்டுச் சேர வரலாமாம். பார்த்துவிட்டு முடிவு செய்யலாமென்று தைப்பூசம் கழிந்த திங்கட்கிழமை புறப்பட்டேன்.

காலை ரயிலில் கோலாலம்பூர் போய், அங்கே வண்டி மாற வேண்டும். நேரமிருந்தால் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தே போய்ப் பசியாறலாம். முத்தையாவின் பழைய கடை அங்கேதான். இப்போது அவன் மனைவி இலட்சுமியின் அண்ணன் நடத்துகிறார். துணிக்கொடி நிறைய ரயில்வே குமாஸ்தாக்களின், அதாவது கிராணிமார்களின், வெள்ளைக் கோட்டுகள். அங்கிருந்து கிள்ளானுக்கு இருபது மைலுக்குச் சற்றுக் கூடுதல். மூன்றாம் வகுப்பில் டிக்கெட் ஒரு மலாயா வெள்ளிக்குள் முடிந்துவிடும். வலப்பக்கம் உட்காருங்கள், மறுபக்கம் வெயில்.

கடை ஸ்டேஷனுக்கு அருகில், நல்ல இடம். ஆனால் உள்ளே ஆளில்லை.

"எவனோ கண்ணு வச்சிட்டான் மச்சான். முதல் மாசம் நல்லா ஓடுச்சு. இப்ப ஈ கூட வரல," என்றான் முத்தையா.

நான் இருக்கும்போதே யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் வந்தார். கோபப்படவில்லை. கோட்டை மேசையில் விரித்தார்.

"தம்பி, வெள்ளையாத்தான் தந்தனான். பாருங்கோ, பழுப்பாக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை மகளின்ர கலியாணப் பேச்சு. இதைப் போட்டுக்கொண்டு எப்பிடிப் போறது?"

மறுபடி வெளுத்துத் தருவதாக முத்தையா சொல்ல, உள்ளேயிருந்து இலட்சுமி வந்தாள்.

"இந்தத் தண்ணியில எத்தன தடவ வெளுத்தாலும் இப்படித்தான் வரும்."

அந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை. பின்கட்டுக் கிணற்றில் ஊறுவது சதுப்பு நிலத்து நீர், தேநீர் நிறம். முத்தையா இஸ்திரி போடுகிறவன், வெளுப்பது இலட்சுமி. வாடகை பேசப் போனபோது அவளை அவன் அழைத்துப் போகவில்லை.

"வந்த வாரமே சொன்னேன் அண்ணே, இவரு காதுல ஏறல," என்றாள் என்னிடம்.

சனிக்கிழமை வருவதாகச் சொல்லிக் கிராணி கோட்டை விட்டுப் போனதும் முத்தையா துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். "அந்தக் கடையையும் அவ அண்ணனுக்கு விட்டுட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரும்பிப் போவேன்?"

"கடைய ஏன் மூடணும்? துணிய இங்க வாங்குவோம், அங்க வெளுப்போம். எங்க அண்ணன்கிட்ட நான் பேசுறேன்," என்றாள் இலட்சுமி.

அன்று மாலை ரயிலிலேயே கோட்டோடு அவளும் நானும் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். அண்ணன் மறுக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் அலசி, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கினாள். இஸ்திரி மட்டும் கிள்ளானில் முத்தையா கையால். சனிக்கிழமை வந்த கிராணி கடையிலேயே கோட்டைப் போட்டு, கைமடிப்பைத் திருப்பிப் பார்த்தார். "திங்கள் மிச்சத்தையும் கொண்டு வாறன்," என்றார். அவர் படி இறங்கும்வரை முத்தையா எழுந்து நின்றுகொண்டே இருந்தான்.

கடை போட நினைத்து அந்தப் பக்கம் போகிறவர்கள் தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பாதீர்கள். கிணற்றில் ஒரு வாளி இறைத்துப் பாருங்கள். வேலை செய்யப் போகிறவரையும் கூட்டிப் போங்கள். அது உங்கள் மனைவியாக இருந்தால், அவர் சொல்வதை அங்கேயே கேட்டுவிடுங்கள்.

நான் கூட்டுச் சேர்ந்துவிட்டேன்; துணி சுமந்து போய்வருவது என் பங்கு. கிள்ளான் ரயிலில் மடியில் மூட்டையோடு ஒருவரைக் கண்டால் பேசுங்கள். பக்கத்தில் இடம் மட்டும் கேட்காதீர்கள், அங்கே இன்னொரு மூட்டை இருக்கும்.