கண்ணாடிக்காரர் வீடு மாறமாட்டார்

பேருந்தில் எதிர் இருக்கையில் இருந்த பெரியவரின் மூக்குக்கண்ணாடி இடப்பக்கம் சரிந்திருந்தது. தம்பி இரண்டு நிறுத்தங்கள் வரை பொறுத்துப் பார்த்தான். மூன்றாவது நிறுத்தம் வந்தபோது அவன் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. கண்ணாடிய ஒரு நிமிஷம் குடுங்க.”

பெரியவர் கழற்றிக் கொடுத்துவிட்டார். எல்லோரும் கொடுத்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவன் கையை நீட்டினால் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. பையிலிருந்து விரல் நீளத் திருப்புளி வெளியே வந்தது. பேருந்து குலுங்கக் குலுங்கத் திருகாணியை அரைச் சுற்று முறுக்கினான். காதுக்கம்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடு வரத் தேய்த்து, கொஞ்சம் வளைத்தான். மூக்கில் பதியும் சின்னத் திண்டுகளை நகத்தால் ஒரு தள்ளு தள்ளினான். பிறகு தானே பெரியவர் முகத்தில் மாட்டிவிட்டான்.

“இப்ப கீழ பாருங்க. மேல பாருங்க. தலைய நல்லா ஆட்டுங்க.”

பெரியவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆட்டினார். கண்ணாடி அசையவில்லை. அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பெருமையை மறைக்க அவளுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

இருவரும் குடியுரிமை அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் போட்டு மூன்றாவது வருடம் ஓடுகிறது. போட்ட நாளிலிருந்து தம்பி அந்த அலுவலகத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இன்றைக்கும் அவனாகக் கிளம்பவில்லை. அக்காவும் அவன் மனைவியும் சேர்ந்து நெட்டித் தள்ளியிருந்தார்கள். கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. வீடு மாறலாமா, கூடாதா?

தம்பிக்கு வேலை கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில். முன்னால் நின்று ஃபிரேம் விற்பவர்கள் வேறு. அவன் பின்பக்க மேசைக்காரன். லென்சைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது, உடைந்ததை ஒட்டுவது, வளைந்ததை நிமிர்த்துவது எல்லாம் அவன் பாடு. ஆனாலும் தெருவில் ‘கண்ணாடிக்காரர்’ என்றால் முதலாளியைக் குறிக்காது, இவனைத்தான் குறிக்கும். வேலை முடிந்த கண்ணாடியை மேசைமேல் தலைகீழாக வைத்து ஒரு ஓரத்தை விரலால் தட்டுவான். மயிரிழை ஆடினாலும் திரும்பச் சூடுகாட்டப் போய்விடும். “ஆடினா அதுக்குப் பேர் கண்ணாடி இல்ல, ஊஞ்சல்” என்பான். புதுக் கண்ணாடி போட்டால் தலை வலிக்கிறது என்று யாராவது வந்து நின்றால், கண்ணைப் பார்க்கமாட்டான். காது மடலை மடக்கிப் பின்பக்கம் பார்ப்பான். “செவந்திருக்கு பாருங்கம்மா. கண்ணாடி உங்களக் கடிக்குது. கண்ணு மேல பழி போடாதீங்க.”

அப்படிப்பட்டவன் தன் முகத்தில் மாட்டியிருப்பதோ, இப்போது யாருமே போடாத தடித்த பழுப்பு ஃபிரேம். கடைச் சுவர் நிறையப் புதுசு தொங்குகிறதே, உங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவான். காரணம் வீட்டில் மட்டும்தான் தெரியும். விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தில் இந்த ஃபிரேம் இருக்கிறது. பார்வை மாறியபோது லென்சை மட்டும் மாற்றிக்கொண்டான். மீசைக் கதையும் அதுவே. படம் எடுத்த சமயத்தில் ஏதோ ஆசைக்கு வைத்த மீசை. மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“எடுத்துத் தொலைங்களேன். யாரோ ஊர் பேர் தெரியாத ஆளோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு.”

“கூப்பிடட்டும். அன்னைக்குச் சாயங்காலமே எடுத்துடறேன்.”

அவன் கணக்கு இதுதான். அலுவலகத்தில் எங்கோ ஓர் அறையில் ஃபைல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தினமும் மேலிருந்து ஒன்றை எடுக்கிறார்கள். அவனுடைய ஃபைல் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் நாம் போய் எதையாவது மாற்றினால், மாற்றியதைக் குறித்துக்கொள்வதற்காக ஃபைலை உருவி எடுப்பார்கள். “உருவுனவன் திருப்பி அதே எடத்துலயா சொருகுவான்? கைக்கு வந்த எடத்துல வைப்பான். பெரும்பாலும் அடியில.” எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அக்கா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். “கம்ப்யூட்டர்லயும் அடி இருக்கும்க்கா” என்று முடித்துவிடுவான்.

காத்திருப்பதில் அவனுக்குப் பெரிய சலிப்பு எதுவும் இல்லை. வேலைக்கு இடையே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் அலுவலகத்தின் இணையதளத்தை அவ்வப்போது பார்ப்பான். காத்திருக்க வேண்டிய காலம் என்று அதில் போட்டிருப்பார்கள். அவன் விண்ணப்பித்தபோது ஒன்றரை வருடம் என்றது. ஒன்றரை வருடம் கழிந்ததும் இரண்டரை என்றது. இப்போது மூன்றரையாம்.

“நாம ஒரு அடி வச்சா அதுவும் ஒரு அடி தள்ளி நிக்குது” என்று அக்காவிடம் போனில் சொல்வான். “பரவால்ல, ஓடிப்போகல. கண்ணுக்குத் தெரியுற தூரத்துலதான் நிக்குது.”

அக்கா அவனுக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்து குடியேறியவள். அவள் விண்ணப்பித்த காலத்தில் கூட்டமே இல்லை. போட்ட சூட்டோடு கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். “உனக்கு எக்ஸ்பிரஸ், எனக்கு பாசஞ்சர். ரெண்டும் போற ஊரு ஒண்ணுதானே” என்பான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை பிசகாமல் மடிக்கிறவள் அவள். வாழ்க்கையில் ஒரு மூலை மட்டும் மடியாமல் தொங்கினால் அவளுக்குத் தூக்கம் வராது. தம்பியின் வீடுதான் அவளுக்கு அந்த மூலை.

நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. மனைவிக்கு இப்போது ஏழாவது மாதம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கி ஏறுகிறாள். இந்த நிலைமையில் அக்கா குடியிருக்கும் கட்டடத்தில், அவள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு காலியானது. தரைத்தளம். சமையலறையில் வெயில் விழும். அக்காவே போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள், அலமாரிக் கதவுகளைச் சாத்தித் திறந்து பார்த்தாள். வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தாள். அவர் இரண்டு தடவை வீடு பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்றாம் தடவை முகத்தைச் சுளித்தார்.

“இந்த மாசக் கடைசி வரைக்கும் பூட்டி வைக்கறேன். அதுக்குமேல என்னால முடியாதும்மா. ஒந்தம்பி வருவாரா, மாட்டாரா?”

தம்பியிடம் கேட்டால் ஒரே பாட்டு. “விலாசம் மாறிடும்க்கா. மூணு வருஷம் காத்திருந்தது வீணாப் போயிடும். கொழந்த பொறக்கறதுக்குள்ள ஃபைல் மேல வந்துடும், பாரேன்.”

“மேல வரது இருக்கட்டும். இவ மேல வரணுமே, அதப் பத்தி யோசிச்சியாடா?”

“நாந்தான் பையெல்லாம் தூக்கறேனே.”

“வயித்தயும் நீதான் தூக்கறியா?”

அவன் கடைசியில் அசைந்தது மனைவியின் பேச்சால்தான். போன ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தவள், இரண்டாம் மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முன்னால் ஏறிப்போன தம்பி திரும்பி இறங்கி வந்தான். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். குடித்துவிட்டு நிதானமாக, கோபமே இல்லாத குரலில் அவள் சொன்னாள்:

“அண்ணி, எனக்கு இங்கயே ஒரு பாய் போட்டுடுங்க. பாதி வழி நல்லாத்தான் இருக்கு. ஃபைல் மேல வந்ததும் சொல்லி அனுப்புங்க, நானும் மேல வரேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பி சிரிக்கவில்லை. பையை ஒரு கையிலும் மனைவியின் முழங்கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான். கதவைத் திறக்கும்போது, “கேட்டு மட்டும் பாத்துட்டு வரேன்” என்றான். அதற்குத்தான் இந்தப் பேருந்துப் பயணம்.

அலுவலகத்தின் விசாரணைக் கூடத்தில் இரண்டு கவுன்ட்டர்கள் இருந்தன. ஒன்றில் ஓர் ஆண் அதிகாரி, இன்னொன்றில் ஒரு பெண் அதிகாரி. அக்கா ஆள் குறைவாக இருந்த ஆண் அதிகாரியின் வரிசையில் இடம் பிடித்தாள். தம்பி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். பிறகு அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான்.

“இந்த வரிசை வேணாம்க்கா. அந்தப் பக்கம் போயிடலாம்.”

“அங்க பாரு, வாசல் வரைக்கும் நிக்கறாங்க.”

“நின்னாலும் பரவால்ல. இவர் கண்ணாடியப் பாத்தியா? மூக்கு நுனிக்கு வந்துடுச்சு, வாக்கியத்துக்கு ஒருவாட்டி ஏத்தி விட்டுக்கறார். ஒரு கம்பி வேற மேல நிக்குது. தன் மூக்கு மேல இருக்கறதயே சரியா வைக்காதவரு, என் ஃபைல எங்கக்கா சரியா வைக்கப் போறாரு?”

“அப்ப போய் அவருக்குச் சரி பண்ணிக் குடுத்துட்டு வாயேன்.”

சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. அவன் கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். “டேய், வேணாம். விண்ணப்பம் போட்டவன் அதிகாரிக்கு ஓசியில வேலை செஞ்சு குடுத்தான்னு ஆயிடும். பேசாம வா.” அவனை நீள வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

பெண் அதிகாரியின் கண்ணாடி மெல்லியது; குனிந்தாலும் நிமிர்ந்தாலும் இருந்த இடத்தில் இருந்தது. தம்பி வரிசையில் நகர நகர அதையே பார்த்துக்கொண்டு வந்தான். “யாரோ நல்லா செட் பண்ணிக் குடுத்திருக்காங்க” என்று முணுமுணுத்தான். தெம்பு வந்துவிட்டது என்பது அக்காவுக்குப் புரிந்தது.

முறை வந்தது. தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர், “சொல்லுங்க, எப்ப வரும்னு கேக்க வந்தீங்களா?” என்றார்.

“கேட்டா சொல்வீங்களா, மேடம்?”

“எங்களுக்கே தெரியாது.”

“அப்ப அது வேணாம். வேற ஒண்ணு கேக்கணும்.” தம்பி தொண்டையைச் சரிசெய்துகொண்டான். ஃபைல் அடுக்கு, உருவுவது, அடியில் சொருகுவது எல்லாவற்றையும் விடாமல் சொன்னான். பின்னால் நின்ற ஆள் பொறுமையிழந்து இருமினார். அதிகாரி நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கடைசிவரை கேட்டார்.

“எத்தனை நாளா இப்படி நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?”

“போட்ட நாள்ல இருந்து.”

“அடுக்கெல்லாம் இல்லீங்க. போட்ட தேதிதான் உங்க இடம். அந்தத் தேதிய யாரும் மாத்த முடியாது. வீடு மாறலாம், வேலை மாறலாம், குழந்தை பொறந்தா அதையும் சேத்துக்கலாம். மாறினத மட்டும் எங்ககிட்ட சொல்லிடணும், அவ்வளவுதான்.”

“மீசை?”

அக்கா அவன் காலை மிதித்தாள். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். “அது உங்க வீட்டு விஷயம். வீடு மாறப் போறீங்களா, இல்ல சும்மா கேக்கறீங்களா? மாறறதுன்னா இப்பவே பதிஞ்சுடலாம். புது விலாசம் என்ன?”

தம்பி மீசையை ஒருமுறை தடவிக்கொண்டான். வீட்டுக்காரர் சொன்ன கெடு இன்னும் மூன்று நாள்தான். ஒருவேளை இவன் மனம் மாறிவிடுவானோ என்று, அக்கா அவசர அவசரமாகக் கைப்பையின் ஜிப்பை இழுத்தாள். தன் கட்டடத்தின் விலாசமாக இருந்தாலும், பதற்றத்தில் எண்ணை மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று காலையிலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் தெளிவாக எழுதி எடுத்து வந்திருந்தாள். அது சாவிக்கும் சீப்புக்கும் அடியில் எங்கோ மாட்டிக்கொண்டது.

அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே தம்பி சொல்ல ஆரம்பித்துவிட்டான். கதவு எண்ணைச் சொன்னான், கட்டடத்தின் பெயரைச் சொன்னான், தெருவைச் சொன்னான். அஞ்சல் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, அதிகாரி தட்டும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எங்கும் யோசிக்கவில்லை, எங்கும் தடுமாறவில்லை. அக்காவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

“அவ்வளவுதானா?” என்றார் அதிகாரி.

“ஒண்ணு விட்டுப்போச்சு, மேடம்.” தம்பி குனிந்து, தடுப்புக் கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னான். “தரைத்தளம். அதையும் போட்டுக்குங்க.”